நாற்பத்தொன்றாம் நாளில் நீ எழுதிய அம்மா

'அன்புள்ள' என்று தொடங்கிப் பார்த்தேன். அடுத்த சொல் வரவில்லை. அதை அடித்துவிட்டு நேராகவே சொல்கிறேன்: உன் மேல் கோபமாக இருக்கிறேன். நீ ஆங்கிலத்தில் எழுதினாய், நான் தமிழில் எழுதுகிறேன். தினசரி காலண்டர் தாள்களைக் கிழித்து வைத்து நான் சொல்லிக்கொடுத்த தமிழ் உனக்கு மறந்திருக்காது. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகவே படி. வீட்டுக்குள் பேச வேண்டியதை ஏன் எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடுகிறாய் என்று கேட்பாய். நீ எழுதிய பொய்யை எல்லோரும் பார்த்தார்கள். அதற்கான பதில் மட்டும் அடுப்படியில் கிடக்க வேண்டுமா?

நூறு நாள் தினமும் எழுதி இணையத்தில் போடப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. உற்சாகமாகத் தொடங்குகிறவர்களை நான் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை. அது உனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் விடாமல் படித்தேன். ஜீடிமெட்லா தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோரத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். உங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதான வாரத்தில் யார் யாருக்கு எத்தனையாவது மாடியில் மூச்சு வாங்கியது என்று எழுதினாயே, அன்று தனியாகச் சிரித்தேன், பக்கத்துச் சீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். போவன்பள்ளி மண்டியில் தக்காளிக் கிரேட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒருவர் செய்தித்தாளைக் கடைசி வரி வரை படித்ததை எழுதினாய். அதுவும் நன்றாக இருந்தது. இதயம் போடவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் படித்தேன்.

நாற்பத்தொன்றாம் நாளும் அதே பஸ்ஸில்தான் படித்தேன். நீ எழுதியதைத் தமிழில் இங்கே தருகிறேன். "என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் பள்ளி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவள் கட்டைவிரலை வைத்தாள். அந்த நீல ரேகையைப் பார்த்த அன்றே முடிவு செய்தேன், அவளுக்கும் சேர்த்து நான் எழுதுவேன் என்று." கீழே ஆயிரக்கணக்கில் இதயங்கள். அழுகிற முகங்கள். "இப்படி ஒரு தாய்க்குத் தலை வணங்குகிறேன்" என்று முன்பின் தெரியாதவர்கள். நான் மூன்று முறை படித்தேன். எழுதப் படிக்கத் தெரியாத உன் அம்மா, மூன்று முறை படித்தேன்.

நான் வேதியியலில் எம்.எஸ்சி. படித்தவள். இருபத்திரண்டு வருடமாக ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான் கையெழுத்துப் போடாமல் அங்கிருந்து ஒரு மாத்திரை வெளியே போகாது. இது படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்வது. உனக்குச் சொல்லத் தேவையில்லை, உனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்தக் கட்டைவிரல் நடந்தது. நீ ஆறாம் வகுப்புக்குப் போன வருடம். வலது கை முழுவதும் கட்டுப் போட்டிருந்தேன். உயர்நிலைப் பிரிவுக்கான புது விண்ணப்பத்தில் இடது கையால் கிறுக்கிப் பார்த்தேன். பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, கட்டைவிரல் வையுங்கள் என்று பள்ளி எழுத்தர் மைப்பெட்டியைத் தள்ளினார். வைத்தேன். வரிசையில் பின்னால் நின்ற அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம், "சதுவு ராதேமோ, பாபம்" என்றாள். படிப்பில்லை போல, பாவம் என்று. நான் கேட்காதது மாதிரி நின்றேன். நீ நிற்கவில்லை. பதினொரு வயதுப் பையன், திரும்பி அவ்வளவு பேரும் கேட்கும்படி கத்தினாய்: "மா மம்மி எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி!" அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுத்தர் சிரித்தார். நான் உன்னை "சும்மா இரு" என்று அதட்டினேன். உள்ளுக்குள் எனக்கு எப்படி இருந்தது என்று இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. அந்தப் பையன் எழுத வேண்டியதை நீ எழுதவில்லை. பின்னால் நின்ற அந்த அம்மாள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்தபோது கேட்டேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே சிரித்தாய்.

"அம்மா, லைட் தீஸ்கோ மா, பெருசா எடுத்துக்காத. பெருமையாத்தானே எழுதியிருக்கேன்?"

"எனக்கு எழுதத் தெரியாதுங்கறது எனக்குப் பெருமையா?"

"அது ஸ்டோரி மா. ஆடியன்ஸ் கனெக்ட் ஆகணும். எம்.எஸ்சி. அம்மா கையில கட்டோட தம்ப் வச்சான்னு போட்டா, யாரு ஃபீல் பண்ணுவா?"

"ஃபீல் பண்ணலேன்னா விடு. அன்னைக்கு வேற எதையாவது எழுதியிருக்கலாமே."

"ஒண்ணும் தோணல மா! கேப் மாதாப்பூர் சிக்னல்ல நிக்குது, அதுக்குள்ள போடலேன்னா ஸ்ட்ரீக் போயிடும். நாப்பது நாள் வேஸ்ட்."

உன் அப்பா இடையில் புகுந்து, "நக்கோ, விடு. சாப்பிடற பிள்ளைகிட்ட எதுக்கு?" என்றார். நான் விட்டுவிட்டேன். நீ அப்பளம் கேட்டாய், போட்டேன். ஒண்ணும் தோணாத ஒரு நாளைக் காப்பாற்ற, அம்மாவின் இருபத்திரண்டு வருடத்தை எடுத்து அடைத்திருக்கிறாய். அந்தச் சிக்னலில் பச்சை விழுவதற்குள் உனக்கு வேலை முடிந்துவிட்டது.

அதோடு போயிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் உனக்கும் நித்யாவுக்கும் கல்யாணம். நித்யா வீட்டில் பத்திரிகையின் மாதிரி வந்திருக்கிறது, பார்க்க வாருங்கள் என்று போவன்பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். நித்யாவின் அம்மா என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நல்ல மனுஷி, அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தாளை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்து, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக, "சம்பந்தியம்மா, நீங்க சிரமப்பட நக்கோ. நான் படிச்சுக் காட்றேன், கேளுங்க. இதோ, இங்க இருக்கே, இதான் உங்க பேரு" என்று விரலை வைத்துக் காட்டினார். என் பெயரை எனக்குக் காட்டினார். நித்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உண்மை தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "முகூர்த்தத் தேதிக்குக் கிழமை தப்பா போட்டிருக்காங்க. புதன் இல்ல, வியாழன்" என்றேன். அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஹவ், ஆமா! எப்டி கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். உன்னைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை எனக்கு. "பழக்கம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். உன் பொய்யை நான் சுமந்துகொண்டு வந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் யாதம்மாவுக்கு உண்மையிலேயே எழுதத் தெரியாது. ஒவ்வொரு மாதமும் சம்பளப் பதிவேட்டில் கட்டைவிரலை வைத்ததும், மை படிந்த விரலைச் சேலை மடிப்புக்குள் மறைத்துக்கொள்வாள். அது அவளுடைய வேதனை. அவளுக்கு ஒரு மகன் இருந்து, அவன் எழுதியிருந்தால், அதற்கு நானும் தலை வணங்கியிருப்பேன். அவளுடையதை எடுத்து என் முகத்தில் பூசி, இதயங்களை வாங்கிக்கொண்டவன் நீ. படித்த பெண்ணை இழிவு செய்தாய் என்று மட்டும் நான் கோபப்படுவதாக நினைத்துக்கொள்ளாதே.

போன வாரம் போனில் நீ கேட்டது இது. வரவேற்பு மேடையில் பெரிய திரையில் அந்த நாற்பத்தொன்றாம் நாளைப் போடுவாயாம். இலையில்லாத மரம் ஒன்றைத் துணியில் வரைந்து வைத்திருப்பார்களாம். வருகிறவர்கள் எல்லோரும் கட்டைவிரலை வண்ணத்தில் தொட்டு அதில் இலை மாதிரி வைப்பார்களாம். முதல் இலை நான் வைக்க வேண்டுமாம். "வாவ் மொமெண்டா இருக்கும் மா." நான் "யோசிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எண்ணிட்ட பக்கங்கள் கொண்ட பதிவேடு. செய்கிறபோதே எழுத வேண்டும். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று தாளில் குறித்து வைப்பதுகூடக் குற்றம். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, ஏன் மாற்றினோம் என்று சொல்லி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். வெற்றிடம் விட்டால் யாராவது பிறகு எதையாவது நிரப்புவார்கள், அதனால் குறுக்கே கோடு. பக்கத்தைக் கிழித்தால் வேலை போய்விடும். சில வருடங்களுக்கு முன் குளிர்பெட்டியின் வெப்பநிலையை ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் நிரப்பியிருந்தாள் ஒரு பெண். ஏழு நாளும் ஒரே மை, ஒரே அழுத்தம். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். அவள் அழுதாள். நான் இரங்கவில்லை. அவளை வீட்டுக்கு அனுப்பிய கடிதத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அந்தக் கையெழுத்தைப் போட எனக்கு என்ன தகுதி இருந்தது என்பதை இப்போது சொல்கிறேன். இது உன் மேல் உள்ள கோபத்தைக் குறைப்பதற்காகச் சொல்வதல்ல. கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதில் பாதி எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே போகட்டும் என்றுதான்.

என் கை வெந்த அந்தக் கோடை விடுமுறையில் பள்ளியில் உங்களைத் தினமும் டைரி எழுதச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் நீ மட்டும் இருந்த ஒரு மதியம், கம்பெனி வண்டியில் கட்டோடு வந்து இறங்கினேன். "பாபு, மம்மி சேத்திகி ஆசிட் படிந்தி" என்று, என் கையில் ஆசிட் பட்டதை டிரைவர் உன்னிடம் சொல்லிவிட்டார். அவர் போனதும் உன்னை உட்கார வைத்து, "அப்பாகிட்ட எண்ணெய்னு சொல்லு. வடை சுடும்போது எண்ணெய்" என்றேன். அதற்கு முந்தைய வருடம் ஒரு சின்ன விபத்து நடந்தபோதே, இன்னொரு தடவை ஏதாவது ஆனால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். வேலையை விட எனக்கு மனமில்லை. அதனால் எண்ணெய். நீ தலையாட்டினாய். அப்பாவிடம் அப்படியே சொன்னாய்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் உன் டைரியைப் பார்த்தேன். வீட்டில் யாரும் நினைவூட்டாமல், யாரும் பார்க்காமல், பதினேழு நாள் எழுதியிருந்தாய். ஒரு நாளுக்கு இரண்டு மூன்று வரி. கரண்ட் போனது, வந்தது. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது. ஒரு நாள், இன்று ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, மம்மி கையில் ஃபேக்டரியில் ஆசிட் பட்டது, ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியவில்லை, நான் திறந்தேன். அதைப் படித்ததும் எனக்குப் பயம் வந்தது. அப்பா பார்த்தால்? டீச்சர் படித்து அப்பாவிடம் சொன்னால்? இடது கையால் அந்தப் பதினேழு பக்கத்தையும் கிழித்தேன். ஒரு பக்கத்தை மட்டும் கிழித்தால் தெரிந்துவிடும் என்று எல்லாவற்றையும் கிழித்தேன். பிறகு உன்னை உட்கார வைத்து விடுமுறையின் நாற்பது நாளையும் அதே நோட்டில் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். மிருகக்காட்சி சாலை, கோல்கொண்டா கோட்டை, வராத உறவினர்கள், பெய்யாத மழை. ஒரே மூச்சில் எழுதியது தெரியக்கூடாது என்பதற்காக இரண்டு பேனா கொடுத்து மாற்றி மாற்றி எழுதச் சொன்னேன். ஒரே மை காட்டிக்கொடுத்துவிடும் என்று ஆய்வகம் எனக்கு முன்பே கற்றுக்கொடுத்திருந்தது. "ஒண்ணும் நடக்கலைன்னு எழுதினா யாருடா படிப்பா?" என்று சொன்னதும் நான்தான். உன் டைரிக்கு முதல் பரிசு கிடைத்தது. இறைவணக்கக் கூட்டத்தில் வாசிக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்து கோப்பையை நீட்டினாய். வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்தேன்.

தினமும் எழுதும் பழக்கத்தை உனக்கு எந்த நூறு நாள் சவாலும் தரவில்லை. பதினொரு வயதில் உனக்கு அது இருந்தது. நான்தான் கிழித்தேன். நடந்தது போதாது, பார்க்கிறவர்களுக்குப் பிடித்ததை நிரப்பு என்று கற்றுக்கொடுத்தது எந்த இணையமும் இல்லை. ஆனால் நீ இப்போது பதினொரு வயதுப் பையனும் இல்லை. சொல்லச் சொல்ல எழுத உனக்குப் பக்கத்தில் அன்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கேப்பில் தனியாக இருந்தாய். நீயேதான் எழுதினாய்.

இதைப் போடுவதற்கு முன் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பதினான்கு வருடம் கழித்து அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சாதாரணமாக இருந்தார். "எண்ணெய் பட்டா அது ஒரு மாதிரி கொப்பளிக்கும். இது வேற. அதுவும் நம்ம வீட்ல அன்னைக்கு உளுந்தே ஊறப்போடல. எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றேன். "கேட்டா வேலையை விடச் சொல்லணும். சொன்னா நீ விடமாட்டே. எதுக்கு வம்பு?" அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை, பதினான்கு வருடம் ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம். அந்த வீட்டிலிருந்து போனவன் வேறு எப்படி எழுதுவான் என்றும் ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான்.

இந்தக் கடிதத்தைப் பன்னிரண்டு காலைகளில் எழுதினேன். கம்பெனி பஸ் வருவதற்கு முன் இருபது நிமிடம், சாப்பாட்டு மேஜையில். ஒன்பதாம் காலை ஒரு சொல்லும் வரவில்லை. அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'இன்று இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஸ் வழக்கம்போல வந்தது, உலகம் அப்படியேதான் இருந்தது. உனக்கும் அப்படி ஒரு நாள் வரும்போது அதையே போடு. நூறு நாள் தொண்ணூற்றொன்பது ஆனால் ஆகட்டும். யாருடைய வாழ்க்கையையாவது எடுத்துத்தான் அந்த இடத்தை அடைக்க வேண்டுமென்றால், நீ எழுதுவதையே விட்டுவிடலாம். ஆனால் நீ விடுவதை நான் விரும்பவில்லை. லிஃப்டைப் பற்றி எழுதியவனை எனக்குத் தெரியும், அவனுக்கு எழுதத் தெரியும். அதனால்தான் இவ்வளவு கோபம்.

நாற்பத்தொன்றாம் நாளை நீக்காதே. நீக்குவதும் பக்கத்தைக் கிழிப்பதுதான். அது அங்கேயே இருக்கட்டும். பொய்யான வரிகளின் மேல் ஒரே கோடு போட்டு, படிக்கிறவர்களுக்கு அடியில் உள்ளது தெரியட்டும், பக்கத்தில் நடந்ததை எழுது. ஏன் மாற்றினாய் என்று எழுது. உன் பெயரைப் போடு. இதயங்களில் பல போய்விடும், நித்யா வீட்டில் சங்கடமாக இருக்கும், நண்பர்கள் கேலி செய்வார்கள். எனக்கும் ஜீடிமெட்லாவில் அப்படித்தான் இருக்கப்போகிறது. இதை எங்கள் ஆட்கள் படிப்பார்கள். நான் அனுப்பிய அந்தப் பெண்ணும் படிக்கலாம். கல்யாணத்துக்கு நான் வருவேன். அந்தத் திருத்தம் இருந்தால் மேடைக்கும் வருவேன். இல்லாவிட்டால் மற்ற விருந்தாளிகளோடு கீழே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவேன். எப்படியானாலும் அந்த மரத்தில் என் கட்டைவிரல் விழாது. பேனா கொண்டுவருகிறேன்.

பரிசு வாங்கிய டைரி அலமாரியில் கோப்பைக்குப் பின்னால்தான் இருந்தது. நேற்று எடுத்தேன். நாற்பது நாளின் மேலும் நாற்பது கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டேன். கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் மிஞ்சியிருந்தது. எங்களிடம் விட்டுப்போனதைப் பிறகு எழுதவும் ஒரு முறை உண்டு. பழைய தேதி போடக்கூடாது, இன்றைய தேதியைத்தான் போட வேண்டும். அதன்படி எழுதியது இது:

தாமதப் பதிவு. இந்த நோட்டின் முதல் பதினேழு பக்கங்கள் என் மகன் தன் கையால், அன்றன்றைக்கு எழுதியவை. அவற்றில் ஒன்றில் இருந்தது: "மம்மி கையில் ஃபேக்டரியில் ஆசிட் பட்டது. ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. நான் திறந்தேன்." கிழித்தது நான். காரணம்: பயம்.

கீழே என் கையெழுத்து இருக்கிறது. வலது கையால் போட்டது.